வாடகை வீடா, சொந்த வீடா? உங்கள் வலைப்பூவை நீங்களே அமைப்பது எப்படி?

2020-ம் ஆண்டின் மத்தியில், ஊரடங்கு களேபரத்துக்கு நடுவே, பெரும்பாலானோர் கவனிக்காத ஒரு சம்பவம் நடந்தது. 'பிளாக்ஸ்பாட் டாட் இன்' என்ற முகவரி புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, கூகுளின் கையைவிட்டுப் போனது. வேறு யாரோ அதை வாங்கி, விற்பனைக்கும் வைத்துவிட்டார்கள்.

அதனால் நமக்கு என்ன? 2012-ல் தொடங்கி சில ஆண்டுகள், இந்தியாவிலிருந்து யார் பிளாகர் வலைப்பூவைத் திறந்தாலும் கூகுள் தானாகவே அந்த 'டாட் இன்' முகவரிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் ஃபேஸ்புக்கில் போட்ட லிங்க், நண்பருக்கு மெயிலில் அனுப்பிய லிங்க், இன்னொரு வலைப்பூவில் 'இதையும் படியுங்கள்' என்று கொடுத்த லிங்க் எல்லாம் அதே முகவரியில்தான் இருந்தன. அத்தனையும் ஒரே வீச்சில் செத்துப்போயின. பதிவுகள் 'டாட் காம்' முகவரியில் பத்திரமாகத்தான் இருந்தன. அங்கே போகும் வழிதான் காணாமல் போனது. எழுதியவர்கள் ஒரு தப்பும் பண்ணவில்லை.

இது முதல் முறையும் இல்லை. 2009-ல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. 2014 செப்டம்பரில் ஆர்குட் போனது. 2020 ஜூனில் டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டபோது, லட்சக்கணக்கான ஃபாலோயர் வைத்திருந்தவர்கள்கூட ஒரே இரவில் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இன்ஸ்டாகிராமும் எக்ஸும் நமக்கு இடம் கொடுத்திருக்கின்றன, பட்டா கொடுக்கவில்லை.

இதற்கு மாற்றாகத்தான் 'செல்ஃப் ஹோஸ்டட்' வலைப்பூவைச் சொல்கிறார்கள். முகவரி, எழுத்து, படம், வடிவமைப்பு எல்லாம் உங்கள் கட்டுப்பாட்டில். தமிழில் இதற்கு நல்ல உதாரணங்கள் உண்டு. ஜெயமோகன், எஸ்.ராமகிருஷ்ணன் போன்ற எழுத்தாளர்கள் பல ஆண்டுகளாகத் தங்கள் சொந்தத் தளங்களில் எழுதுகிறார்கள். 26 நாவல்கள் கொண்ட 'வெண்முரசு' 2014 ஜனவரி முதல் 2020 வரை இணையத்தில்தான் தொடராக வந்தது. எந்த செயலி வந்தது, எது போனது என்று அந்த வாசகர்கள் கவலைப்படத் தேவையிருக்கவில்லை.

சரி, நமக்கு கோடிங் தெரியாதே? தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் ஒரு வார இறுதி போதும்.

மூன்று விஷயங்கள்தான்

முகவரி, இடம், மென்பொருள். டெக் ஆட்கள் பாஷையில் டொமைன், ஹோஸ்டிங், சி.எம்.எஸ்.

டொமைன் என்பது உங்கள் தளத்தின் பெயர். 'வாங்கினேன்' என்று சொன்னாலும், உண்மையில் அது ஆண்டுக் குத்தகைதான். ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்கு எடுக்கலாம். 'டாட் காம்' என்றால் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டியோ கொஞ்சம் கூடுதலாகவோ ஆகும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: முதல் ஆண்டுக்கு 99 ரூபாய், 199 ரூபாய் என்று விளம்பரம் வரும். அடுத்த ஆண்டு புதுப்பிக்கும் கட்டணம் என்ன என்பதைச் சின்ன எழுத்தில் தேடிப் படியுங்கள். 18% ஜி.எஸ்.டி.யும் உண்டு. முகவரியே தமிழில் வேண்டும் என்றால் '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று முடியும் பெயர்களும் இருக்கின்றன. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சில செயலிகள் அதைக் குழப்பமான ஆங்கில எழுத்துகளாக மாற்றிக் காட்டும். எனவே கூடவே ஓர் ஆங்கில முகவரியும் வைத்துக்கொள்வது நல்லது.

ஹோஸ்டிங் என்பது உங்கள் ஃபைல்கள் 24 மணி நேரமும் இருக்கும் கம்ப்யூட்டரில் வாடகைக்கு எடுக்கும் இடம். (ஆமாம், சொந்த வீடு என்று சொல்லிவிட்டு மறுபடியும் வாடகைக்குத்தான் வருகிறோம். ஆனால் இந்த வாடகை வீட்டை ஜன்னல், கதவு, தூணோடு பெயர்த்து வேறு ஊருக்கு எடுத்துப்போகலாம். அதுதான் வித்தியாசம்.) புதிதாகத் தொடங்குபவருக்கு 'ஷேர்டு ஹோஸ்டிங்' போதும். ஒரே சர்வரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் மேன்ஷன் மாதிரி. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். வீட்டிலேயே பழைய கம்ப்யூட்டரை சர்வர் ஆக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். கற்றுக்கொள்வதற்கு அருமையான வழி. ஆனால் நம் ஊர் பிராட்பேண்டு இணைப்புகள் பலவற்றில் தனி பொது ஐ.பி. முகவரி கிடைக்காது, கரன்ட்டும் போகும். பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருள் என்று வரும்போது பெரும்பாலானவர்கள் போய் நிற்கும் இடம் வேர்ட்பிரஸ். 'பி2' என்ற பழைய பிளாக் மென்பொருளை எடுத்து, மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் வளர்த்தெடுத்தது இது. முதல் பதிப்பு வந்தது 2003 மே 27. இன்று உலக இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இதில்தான் ஓடுகின்றன. ஓப்பன் சோர்ஸ் என்பதால் விலை கிடையாது. கோஸ்ட், ஹியூகோ என்று வேறு நல்ல மென்பொருள்களும் உண்டு. ஹியூகோவில் டேட்டாபேஸே இல்லை என்பதால் ஹேக் ஆகும் அபாயம் குறைவு, பைசா செலவில்லாமல் கிட்ஹப்பில்கூட வைக்கலாம். ஆனால் கமாண்டு லைனைப் பார்த்து மிரளாதவராக இருக்க வேண்டும். ஏதாவது சிக்கினால் யூடியூபில் தமிழில் விளக்கம் கிடைப்பது வேர்ட்பிரஸுக்குத்தான் அதிகம், அதனால் என் ஓட்டு அதற்கே.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். 'வேர்ட்பிரஸ் டாட் காம்' வேறு, 'வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்' வேறு. முன்னது ஒரு நிறுவனம் நடத்தும் சேவை, அங்கே கணக்கு திறந்து எழுதலாம். பின்னதில் மென்பொருளை டவுன்லோடு செய்து நம் இடத்தில் நிறுவ வேண்டும். நாம் பேசுவது பின்னதைப் பற்றி.

நிறுவுவது ஈஸி, அதற்குப் பிறகுதான் வேலை

பெரும்பாலான ஹோஸ்டிங் நிறுவனங்களின் கன்ட்ரோல் பேனலில் 'ஒரே கிளிக்'கில் வேர்ட்பிரஸ் நிறுவும் வசதி இருக்கிறது. அதைத் தட்டினால் சில நிமிடங்களில் தளம் தயார். ஆனால் கற்றுக்கொள்ளும் ஆர்வம் இருந்தால் ஒரு தடவையாவது கையால் நிறுவிப் பாருங்கள் என்பேன். ஒரு டேட்டாபேஸை உருவாக்கி, அதன் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டை 'கான்ஃபிக்' ஃபைலில் நீங்களே எழுதும்போதுதான் விஷயம் புரியும்: நீங்கள் எழுதும் பதிவுகள் எல்லாம் டேட்டாபேஸில், படங்களும் தீமும் ஃபைல்களில். இந்த ஒரு வரி புரிந்தால், பின்னால் பேக்கப் எடுக்கும்போது பாதியை விட்டுவிட மாட்டீர்கள்.

பணம் கட்டுவதற்கு முன்பே பழக வேண்டும் என்றால், வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்டு என்று ஒன்று இருக்கிறது. பிரவுசரிலேயே முழு வேர்ட்பிரஸும் ஓடும். உடைத்துப் பாருங்கள், ஒன்றும் ஆகாது.

நிறுவியவுடன் செட்டிங்ஸில் மூன்று இடங்களைத் தொட வேண்டும். ஒன்று, நேர மண்டலம். அது சர்வதேச நேரத்தில் இருக்கும். கொல்கத்தா என்று மாற்றாவிட்டால், காலை 6 மணிக்கு ஷெட்யூல் செய்த பதிவு பகல் 11.30-க்கு வரும். இரண்டு, மொழி. தளத்தின் மொழியைத் தமிழ் என்று வையுங்கள். அப்போதுதான் பார்வையற்றோர் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் இது தமிழ்ப் பக்கம் என்று புரிந்துகொள்ளும். அதேநேரம் உங்கள் கணக்கின் மொழியைத் தனியாக ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளலாம். காரணம், இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் எல்லாம் ஆங்கில மெனு பெயர்களைத்தான் சொல்கின்றன.

மூன்றாவதுதான் தமிழில் எழுதுபவர்கள் அதிகம் அடிவாங்கும் இடம்: பதிவின் முகவரி. நீங்கள் தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாக்கிவிடும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வாட்ஸ்அப்பில் காப்பி செய்து ஒட்டினால் சதவீதக் குறிகளும் எண்களுமாக அரை முழம் நீளத்துக்கு வரும். ஏனென்றால் யூனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறி 3 பைட். முகவரியில் அது 9 குறிகளாக விரியும். வேர்ட்பிரஸ் டேட்டாபேஸில் முகவரிக்கு ஒதுக்கிய இடமோ 200 குறிகள்தான். அதாவது ஏறக்குறைய 22 தமிழ்க் குறிகள். 'வலைப்பூ' என்ற ஒரே சொல்லில், துணைக்குறிகளையும் புள்ளியையும் சேர்த்தால், 7 குறிகள் வந்துவிடும். மூன்று சொல் தாண்டினால் முகவரி பாதியில் வெட்டுப்படும். எனவே ஒவ்வொரு பதிவுக்கும் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஒரு முகவரியை நீங்களே கொடுத்துவிடுங்கள். பத்து விநாடி வேலை. 200 பதிவுகள் போட்ட பிறகு மாற்ற நினைத்தால் பத்து நாள் வேலை.

தமிழுக்குத் தீமைத் திருத்துவது

தீம் என்பது தளத்தின் சட்டை. ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனதில் வைத்துத் தைக்கப்பட்டவை. டெமோவில் சூப்பராக இருக்கும் தீமில் தமிழைப் போட்டதும் வரிகள் ஒன்றோடொன்று முட்டும். ஆங்கிலத்தைவிட நம் எழுத்துகளுக்கு மேலும் கீழும் இடம் அதிகம் தேவை. 'கி', 'கூ', 'ஸ்ரீ' எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிப் பாருங்கள், புரியும். வரி உயரத்தை 1.7 அல்லது 1.8 என்று வைத்தால் போனில் மூச்சுவிட்டுப் படிக்கலாம்.

தலைப்பில் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விடும் ஸ்டைல் சில தீம்களில் இருக்கும். ஆங்கிலத்துக்கு அது ஸ்டைல், தமிழுக்கு அது பல் விழுந்த வாய். பூஜ்ஜியம் ஆக்கிவிடுங்கள். இரண்டு ஓரமும் நேராக வருமாறு வரிகளை இழுக்கும் 'ஜஸ்டிஃபை'யும் வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளம், போன் திரை குறுகல். ஒரு வரியில் இரண்டே சொற்கள், நடுவில் ஒரு மைதானம் என்றுதான் வரும். செய்தித்தாளில் அது எடுபடும், போனில் எடுபடாது.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை என்று இலவசமானவையே நிறைய. 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸிலேயே 'ஃபான்ட் லைப்ரரி' இருக்கிறது. பிளாக் தீம் வைத்திருந்தால், எழுத்துருவை உங்கள் சர்வரிலேயே இறக்கிப் பயன்படுத்தலாம். பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த கட்டுரைகள் இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் வாசகருக்குத் தெரிவது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான்.

மேலே சொன்ன மாற்றங்களுக்கு கோடிங் தேவையில்லை. பிளாக் தீம்களில் 'எடிட்டர்' பகுதிக்குப் போய் அங்கேயே மாற்றலாம். அவை டேட்டாபேஸில் சேமிக்கப்படுவதால் தீம் அப்டேட் ஆனாலும் அழியாது. ஆனால் தீமின் கோடு ஃபைல்களிலேயே கை வைத்தால் கதை வேறு. அடுத்த அப்டேட்டில் எல்லாம் துடைத்துப் போய்விடும். அதற்குத்தான் 'சைல்டு தீம்'. மூலத் தீமை அப்படியே விட்டுவிட்டு, உங்கள் மாற்றங்களை மட்டும் ஒரு தனி ஃபோல்டரில் வைப்பது. இரண்டு சின்ன ஃபைல்கள் போதும்.

இதைத் தெரியாமல் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் ராத்திரி, பதிவின் கடைசியில் எழுதியவர் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய நான்கு வரி கோடை ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜர் வழியாக 'ஃபங்ஷன்ஸ்' ஃபைலில் ஒட்டினேன். தளமே காலி. 'தீவிரப் பிழை' என்று ஒரே ஒரு வரி. காரணம் என்ன தெரியுமா? வழியில் எங்கோ நேரான மேற்கோள் குறிகள் வளைந்த மேற்கோள் குறிகளாக மாறியிருந்தன. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, பி.எச்.பி.க்கு இல்லை. அதைக் கண்டுபிடிக்க ஒன்றரை மணி நேரம்.

உங்களுக்கும் இது நடக்கும். பதறாதீர்கள். 2019-ல் வந்த 5.2 பதிப்பிலிருந்து, இப்படி உடைந்தால் தள நிர்வாகியின் மெயிலுக்கு ஒரு மீட்பு லிங்க் வரும். அதன் வழியாக உள்ளே போய், தப்பு செய்த பிளகினையோ தீமையோ நிறுத்தலாம். மெயில் வரவில்லையா? ஃபைல் மேனேஜரில் 'பிளகின்ஸ்' ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். எல்லா பிளகினும் ஒரே அடியாக நின்றுவிடும். தளம் திரும்ப வந்தால் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். பெயரைப் பழையபடி வைத்துவிட்டு, ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்துப் பிடிக்கலாம்.

பூட்டு, சாவி, பத்திரம்

பிளகின் விஷயத்தில் கைக்கு அடக்கம் வேண்டும். தேவைப்பட்டால் மட்டும். வேர்ட்பிரஸ் தளங்கள் ஹேக் ஆகும் கதைகளில் பெரும்பாலும் வில்லன், அப்டேட் செய்யாமல் விட்ட பிளகின்தான். அதைவிட மோசம், காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை டெலிகிராமில் 'ஃப்ரீ'யாக இறக்குவது. அதற்குள் யார் என்ன வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பூட்டுக் குறி வரும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது, பெரும்பாலான ஹோஸ்டிங்கில் ஒரு பட்டன்தான். போனில் எடுத்த 5 எம்.பி. படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள், படிப்பவர் டேட்டாவும் காசுதானே.

இனி முக்கியமானது. என் காலேஜ் கடைசி ஆண்டில் சொந்த டொமைனில் ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். சினிமா, ஹாஸ்டல், மதுரை பஸ் பயணம் என்று 60 பதிவுகளுக்கு மேல். டொமைனை காலேஜ் கொடுத்த மெயில் ஐ.டி.யில் பதிவு செய்திருந்தேன். படிப்பு முடிந்ததும் அந்த ஐ.டி. முடங்கியது. புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் எல்லாம் யாரும் திறக்காத அந்தப் பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தன. நான் கவனித்தபோது முகவரி வேறொருவர் கையில். ஹோஸ்டிங்கும் முடிந்திருந்தது. பேக்கப்? அதே ஹோஸ்டிங்கில்தான் வைத்திருந்தேன். இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடியதில் 17 பதிவுகள் கிடைத்தன. பாட்டி இறந்தபோது எழுதியது அதில் இல்லை.

ஆக, டொமைனை எப்போதும் உங்கள் சொந்த மெயிலில், உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள். தளம் செய்து தரும் டிசைனர் பெயரில்கூட வேண்டாம். தானாகப் புதுப்பிக்கும் வசதியை ஆன் பண்ணுங்கள், கார்டு காலாவதியாகும் தேதியையும் காலண்டரில் போடுங்கள். தவறிப்போனாலும் உடனே கைவிட்டுப் போகாது. 'டாட் காம்' போன்ற முகவரிகளில், காலாவதியான பிறகு பொதுவாக ஒரு சலுகைக் காலம் இருக்கும். அதற்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் கூடுதல் கட்டணம் தீட்டுவார்கள். அதுவும் தாண்டினால் 5 நாள் காத்திருப்பு, அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பேக்கப் எடுக்கும்போது டேட்டாபேஸ், ஃபைல்கள் இரண்டையும் எடுத்து, ஒரு பிரதியை சர்வருக்கு வெளியே வையுங்கள். கூகுள் டிரைவ், வீட்டு ஹார்டு டிஸ்க், எதுவானாலும். மாதம் ஒருமுறை அதை வேறு இடத்தில் திறந்தும் பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஏற்கெனவே பிளாகரில் எழுதியவர்கள் அங்கிருந்து பதிவுகளை ஃபைலாக இறக்கி, வேர்ட்பிரஸின் 'இம்போர்ட்' பகுதியில் ஏற்றலாம். ஏற்றிய பிறகு படங்களைச் சரிபாருங்கள். அவை இன்னும் கூகுள் சர்வரிலிருந்தே வந்துகொண்டிருக்கக்கூடும். வீடு மாறிவிட்டோம், பீரோ பழைய வீட்டிலேயே இருக்கிறது என்ற கதைதான்.

சரி, யார் வந்து படிப்பார்கள்?

நியாயமான கேள்வி. 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் மாதிரியான திரட்டிகள் இருந்த காலத்தில், புதுப் பதிவு போட்டால் அன்றைக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். இன்று அப்படி இல்லை. ஒரு ரீல்ஸுக்கு வரும் பார்வையில் நூறில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. முதல் ஆறு மாதம் நீங்களும் உங்கள் நெருங்கிய நண்பரும்தான் வாசகர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமூக வலைதளங்களை விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் உங்கள் தளத்தில் எழுதுங்கள், அதன் லிங்க்கையோ சுருக்கத்தையோ மற்ற இடங்களில் போடுங்கள். நாளைக்கு எந்தச் செயலி மூடப்பட்டாலும் மூலப்பிரதி உங்களிடம் இருக்கும். நான் இப்போது புதிய முகவரியில் அப்படித்தான் செய்கிறேன். மீட்ட 17 பதிவுகளையும் பழைய தேதியிலேயே ஏற்றிவிட்டேன்.

எல்லாம் முடித்தும் கூகுளில் உங்கள் தளம் வரவே இல்லையா? செட்டிங்ஸில் 'ரீடிங்' பகுதிக்குப் போங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஒரு டிக் பாக்ஸ் இருக்கும். கட்டுமானம் நடக்கும்போது போட்டுவிட்டு, எடுக்க மறந்திருப்பீர்கள். அதை எடுத்த கையோடு, வேர்ட்பிரஸ் தானாகப் போட்டு வைத்திருக்கும் 'ஹலோ வேர்ல்டு' பதிவையும் அழித்துவிடுங்கள்.